காக்கை எடுக்காத சோறு

காக்கை ஏன் சோறு எடுக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓர் அரிசிக் கம்பெனி ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டபோது, யாரோ என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் கல்லூரியில் உமையாள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. காக்கா மேடம் என்றால் வாட்ச்மேன்கூட வழி காட்டுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விலங்கியல் துறையில் காக்கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மயிலைப் பார்த்திருந்தால் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

வந்தவர் சிரிக்கவில்லை. இளஞ்சேரன் என்று பெயர், நிறைகலம் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். ஆய்வுக்கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மன்னார்குடியில அமாவாசைக்கு அமாவாசை எங்க வியாபாரம் படுத்துடுது மேடம். அன்னிக்கு மட்டும் ஜனங்க தஞ்சாவூர் வரைக்கும் போய்ப் பழைய பொன்னி வாங்கிட்டு வர்றாங்க. ஏன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க. கடைசியில ஒரு கடைக்காரர்தான் காதோட சொன்னார். காக்கா எடுக்கலையாம்.”

“எதை? போதும் அரிசியையா?”

“ஊர்ல அப்படித்தான் கூப்பிடுறாங்க” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

கடல் உள்ளே ஏறி, முத்துப்பேட்டைப் பக்கத்து வயல்களில் உப்புப் பூத்த பிறகு டெல்டாவில் பாதி நிலம் தரிசாகிப் போயிருந்தது. பாதி நெல்லை வைத்துக்கொண்டு முழு ஜனமும் சாப்பிட வேண்டும். அந்தச் சமயத்தில்தான் இந்த அரிசி ரேஷன் கடைக்கு வந்தது. காலையில் ஒரு கைப்பிடிச் சோறு தின்றால் மறுநாள் வரை பசிக்காது. வேண்டிய சத்தையெல்லாம் அந்தக் கைப்பிடிக்குள்ளேயே அடைத்திருந்தார்கள். எப்படி என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்து நகத்தால் உரித்தார். நெல்மணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற மனிதர்.

“ஓரத்துல சின்னப் புள்ளி தெரியுதா? அதான் கரு. அதான் குழந்தை. மிச்சம் இருக்கிறதெல்லாம் அம்மா கட்டிக் குடுத்த சோறு. நாம திங்கிறது அந்தக் கட்டுச்சோத்தத்தான். இப்ப பாருங்க, அந்தக் குழந்தை சோத்து மூட்டை மேலேயே உக்காந்திருக்கு. மாசக்கணக்கா ஒரு வாய் எடுத்துத் திங்கல. ஏன்?”

“தண்ணி படல.”

“தண்ணி மட்டும் இல்ல மேடம். ‘இப்ப வேணாம், பொறு’ன்னு உள்ளுக்குள்ளேயே ஒரு சேதி ஓடிக்கிட்டு இருக்கு. எல்லா விதையிலயும் இருக்கு. அந்தச் சேதியை எடுத்து, வேகவச்சாலும் அழியாத மாதிரி பண்ணி, நம்ம வயித்துக்குப் புரியுற மாதிரி மாத்தினோம். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. ஆனால் பயத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. சாக்கடை எலியையும் விடாத பறவை, சோற்றை வேண்டாம் என்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். கோடை விடுமுறை வந்ததும் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடி அறையை எனக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் சிங்காரவேலு இறந்து வருடம் முடியப் போகிறது. அவர் மனைவி அஞ்சம்மாள், மகன் ராஜகோபால், மருமகள் செங்கமலம், ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று. குழந்தைக்குத் தாத்தா பெயர்தான், சிங்காரம். ராஜகோபால் பஸ் டிப்போவில் மெக்கானிக். காலையில் போனால் கறுப்புக் கையோடு சாயங்காலம் வருவார்.

“பறவை ஆராய்ச்சியா? நல்லா பண்ணுங்க டீச்சரம்மா” என்றார் அஞ்சம்மாள். “ஆனா சாப்பாடு எங்க வீட்டுலதான். பெரிய செலவு ஒண்ணும் இல்ல. இப்பதான் கைப்பிடி போதுமே.”

காக்கை என்ற சொல்லை நான் எடுத்ததும் முகம் மாறியது. “எங்க வீட்டுல அதெல்லாம் நல்லா எடுக்குதும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இதே பதில்தான். எல்லார் வீட்டிலும் நன்றாக எடுக்கிறது. ஆனால் நான் மாடியிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு மொட்டை மாடியிலும் மதியச் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

உண்மையைச் சொன்னது செங்கமலம்தான். துணி காயப்போட மாடிக்கு வந்தவள், நான் பைனாகுலரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? காக்காவுக்கு உண்மையிலேயே கோவம் வருமா?”

“யாரு மேல?”

“என்மேல” என்றாள். “மாமா கடைசியில விரால் மீன் கொழம்பு கேட்டாரு. டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டாரு. நான் வச்சுக் குடுக்கல. மறுநாள் போயிட்டாரு. அன்னையிலேருந்து இந்த வீட்டுல காக்கா சோறு எடுக்கல. நாக்கு ஏங்கிப் போச்சு, அதான் எடுக்கலங்கிறாங்க அத்தை. எதுத்துப் பேச என்னால முடியல. குடுக்காதது உண்மைதானே?”

“பக்கத்து வீட்டுல எடுக்குதா?”

“எடுக்குதாம்.”

அந்த ஊரில் நடந்துகொண்டிருந்த விந்தை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காக்கை எடுக்காதது வீட்டுக் கௌரவம். வெளியே சொன்னால் இறந்தவருக்கு என்ன குறை வைத்தீர்கள் என்று கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு வீடும் மூடி மறைத்தது. ஊரில் எந்தக் காக்கையும் எடுக்கவில்லை என்பது ஊரில் யாருக்குமே தெரியாது. ஒவ்வொரு வீடும் தன் பாவத்தைத் தானே தோண்டிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கு வாங்கிய பழைய பொன்னியைக்கூட, இறந்தவரைச் சமாதானப்படுத்தும் பரிகாரம் என்றுதான் நினைத்தார்கள். எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் காரணம் சொல்லாமல் நடுச்சுவரை இடித்துவிட்டுக் கூடிக்கொண்டார்கள். கோடிவீட்டுக்காரர் தங்கைக்குச் சேர வேண்டிய நகையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அரிசி செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செங்கமலத்துக்கு மட்டும் திருத்திக்கொள்ள வழியில்லை. கேட்டவர் போய்விட்டார். அதோடு குழந்தை வேறு எடை கூடவில்லை. அதையும் மாமனாரின் கோபக் கணக்கிலேயே சேர்த்தார்கள். அதே வாயால், “அவரேதான் வந்து பொறந்திருக்காரு. பாருங்க, வாயத் திறந்து இது வேணும்னு கேக்கறதே இல்ல. அழவே அழாது” என்று அஞ்சம்மாள் என்னிடம் பேரனைக் காட்டிப் பூரித்துப் போனார். பாவம் மனிதர், ஒரே நேரத்தில் தொட்டிலிலும் இருந்தார், காக்கையிலும் இருந்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். கைப்பிடிச்சுவரின் ஒரு முனையில் பொன்னிச் சோறு, மறுமுனையில் போதும் சோறு. காக்கைகள் வந்தன. இரண்டையும் தலையைச் சாய்த்துப் பார்த்தன. பொன்னியைக் காலி செய்துவிட்டுப் பறந்தன. பருப்பு ஊற்றிப் பார்த்தேன், நெய் ஊற்றிப் பார்த்தேன், கருவாட்டைப் பொடித்துக்கூடப் போட்டேன். கருவாட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு சோற்றைக் கொத்தி உதறின. எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பிடிவாதமான பறவையை நம்பித்தான் என் வாழ்க்கை ஓடியிருக்கிறது.

ஒரு ஜோடி மட்டும் போதும் சோற்றை எடுத்தது. வேறு ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஜோடி. பக்கத்து மனையில் நின்ற புங்கமரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. மாடியிலிருந்து பார்த்தால் கூட்டின் உள்பக்கம் நன்றாகத் தெரியும். காக்கைக் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கண் திறக்கும் முன்னே வாயைத் திறக்கத் தெரிந்தவை. தாய் கிளையில் வந்து உட்கார்ந்த அதிர்வு பட்டதும் சிவப்பு வாய்கள் எல்லாம் ஒன்றாகப் பிளக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தால்தான் தாய்க்கும் ஊட்டத் தோன்றும்.

இந்தக் கூட்டில் முதல் சில நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு வாய்கள் மெதுவாகத் திறந்தன. பிறகு ஒன்று மட்டும் திறந்தது. ஒரு காலையில் தாய்க் காக்கை அலகு நிறையச் சோற்றோடு வந்து நின்றது. குஞ்சுகள் தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தன. உயிரோடுதான் இருந்தன, சூடாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை. தாய் இப்படித் திரும்பிப் பார்த்தது, அப்படித் திரும்பிப் பார்த்தது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, சோற்றைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது.

குஞ்சுகள் செத்தன. ஒன்றை அலகால் கவ்வி வந்து எங்கள் சுவரில், நான் வைத்த போதும் சோற்றின் பக்கத்திலேயே போட்டது தாய். ஏன் அங்கே போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊர்க் காக்கைகள் அத்தனையும் கூடிவிட்டன. சுவரையும் மரத்தையும் கம்பியையும் நிறைத்துக்கொண்டு காது கிழியக் கத்தின. செத்த காக்கையைக் கண்டால் அவை கூடும். பக்கத்தில் என்ன இருந்தது, யார் நின்றார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளும். பார்க்காத காக்கைகளுக்கும் கத்தியே கற்றுக்கொடுக்கும். அந்த நாளுக்குப் பிறகு அந்தப் புது ஜோடியும் போதும் சோற்றைத் தொடவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். கூடத்தில் குழந்தை தொட்டிலில் படுத்திருந்தது. செங்கமலம் பால் கொடுக்க எடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. என் துள்ளல் அப்படியே நின்றுபோனது.

“இவன் கடைசியா எப்ப அழுதான்?” என்று கேட்டேன்.

“பொறந்தப்ப. முதல் ஒரு மாசம் வீடே ரெண்டுபடும் மேடம். அப்பல்லாம் எனக்குப் பத்தியச் சாப்பாடு, எங்கம்மா வீட்டுல. இங்க வந்த பிறகுதான் இவ்வளவு சமத்து.”

“அங்க என்ன அரிசி?”

அங்கே பொன்னிதான் என்பது அவளுக்கு உடனே பொறிதட்டியது. கெட்டிக்காரி. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பால் வழியா போகுமா அக்கா?” என்றாள். அன்றுதான் என்னை முதல் தடவை அக்கா என்றாள்.

இளஞ்சேரனுக்கு உடனே போன் செய்தேன். கூட்டில் நடந்ததைச் சொல்லும்போது ஆர்வமாகக் கேட்டார். குழந்தையைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் ஆபீஸ் குரல் ஆனது.

“தாய்ப்பால் சோதனை பண்ணித்தான் மேடம் விட்டோம். எடை கொஞ்சம் குறையும், ஆனா அனுமதிச்ச அளவுக்குள்ளதான். மணி பாத்துக் குடுத்தா குடிக்கும்.”

“குடிக்கிறதுக்கும் கேக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையா சார்? கேக்காத குழந்தை வேற எதைக் கேக்கும்? நிறுத்தினா சரியாயிடுமா?”

“பெரியவங்களுக்குச் சில நாள்ல தெளிஞ்சிடும்.”

“குழந்தைக்கு?”

“ரொம்ப நாள் உறங்கின விதை சிலது முளைக்கும், சிலது முளைக்காது” என்றார் மெதுவாக. தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். உடனே சுதாரித்துக்கொண்டு பொரிந்தார். “நீங்க ஒரு குழந்தையப் பாக்குறீங்க. நான் உப்பு ஏறின ரெண்டு மாவட்டத்தப் பாக்குறேன். இந்த அரிசி இல்லேன்னா அங்க என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? காக்கா ஏன் எடுக்கலங்கிறதுதான் உங்க கிட்ட கேட்ட கேள்வி. பதில் கிடைச்சிடுச்சு. ரொம்ப நன்றி.”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கீழே செங்கமலம் வீட்டில் பேசிப் பார்த்தாள். ராஜகோபால், “ஊரே திங்குது, நமக்கு மட்டும் என்ன?” என்றார். அஞ்சம்மாள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை.

“உனக்குப் பசின்னா என்னன்னு தெரியாதுடி. வாய்க்கால் வத்துன வருஷம் எங்க அப்பா வெதநெல்ல ஒளிச்சு வச்சிருந்தாரு. நாங்க அஞ்சு பேரும் அழுத அழுகையில அதையும் எடுத்துக் குத்திக் கஞ்சி காச்சிட்டாரு. அடுத்த வருஷம் வெதைக்க ஒண்ணும் இல்ல. அந்தக் கஞ்சி குடிக்கிறப்ப அவரு அழுதத நான் பாத்தேன். பசிக்காம இருக்கிறது எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? எம் பேரனுக்கு அந்த வரம் கெடச்சிருக்கு. நீ அத நோயிங்கிற.”

நான் ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி மாடி அறையில் வைத்தேன். தஞ்சாவூரிலிருந்து பழைய பொன்னி வந்தது. துணி காயப்போடும் சாக்கில் செங்கமலம் மாடிக்கு வந்து சாப்பிட்டாள். கீழே தட்டில் போட்ட கைப்பிடியை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொட்டினாள். நானும் மாறிக்கொண்டேன். சில நாளில் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அத்தனை வாரமும் எதற்கும் அவசரப்படாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. குழந்தை மட்டும் அப்படியே இருந்தான். ஒவ்வொரு காலையும் செங்கமலம் அவன் வாயைப் பார்ப்பாள். பிறகு மாடிக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்த வாரம் இளஞ்சேரனே நேரில் வந்து நின்றார், ஒரு புது மூட்டையோடு. அரிசி அதேதான். மணத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். “காக்காவுக்கு இனி இது வேற அரிசி. எடுக்கும்” என்றார். என்னுடைய பதிலை வைத்துத்தான் செய்திருந்தார்கள். சிங்காரவேலுவின் தலைத்திவசம் இரண்டு நாளில் வருகிறது. இந்த அரிசியையே பொங்கிப் படைத்து, சொந்தபந்தம் எல்லாரும் பார்க்கக் காக்கை எடுத்தால் அதை வீடியோ எடுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார். அஞ்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். இறந்த கணவர் சாப்பிடப் போகிறார் என்பதைவிட அவருக்கு வேறு என்ன வேண்டும்?

இளஞ்சேரன் போன பிறகு செங்கமலம் என்னிடம் வந்தாள்.

“எடுக்குமா அக்கா?”

“எடுக்கும். மறுபடி குஞ்சு சாகிற வரைக்கும் எடுக்கும். அதுக்குள்ள ஊர் முழுக்க நிம்மதியா அமாவாசைக்கும் அதையே பொங்க ஆரம்பிச்சிடும்.”

“எடுத்தா என்மேல பழி போயிடும்” என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்தத் தெருவுல மட்டும் அழாத புள்ளைங்க எத்தனைன்னு நான் எண்ணிப் பாத்ததில்ல. அவங்க அம்மாங்ககிட்ட நீங்க ஆராய்ச்சி பேசினா கேப்பாங்களா? காக்கா எடுக்கலன்னாதான் பயப்படுவாங்க. எடுக்காம பண்ண முடியுமா?”

முடியும். அந்த வழி எனக்கு முன்பே தோன்றியிருந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். கல்லூரிக்குப் போய், எங்கள் துறை அருங்காட்சியகத்திலிருந்து பஞ்சு அடைத்த காக்கையை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தேன். அதற்கு ஒரு கண்ணாடிக் கண் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

திவசத்தன்று காலையில் எல்லாரும் ஐயரோடு தெப்பக்குளத்துக்குப் போய்விட்டார்கள். செங்கமலம் சமையலுக்காக வீட்டில் இருந்தாள். புது அரிசியில் ஒரு பிடி பொங்கி மாடிக்குக் கொண்டுவந்தாள்.

“நீ கீழ போ. நான் வைக்கிறேன்” என்றேன். “காக்கை முகத்த மறக்காது. செத்த காக்கையோட யாரப் பாக்குதோ அவங்களப் பல வருஷம் விரட்டும். நான் ஊருக்குப் போயிடுவேன், எனக்கென்ன.”

“படையல் சோத்த வைக்கப் போறது நானுங்க அக்கா. வீட்டு மருமகதான் வைக்கணும். என் மூஞ்சியையும் இந்தச் சோத்தையும் சேத்துப் பாத்தாத்தானே உறுதியா எடுக்காது?”

“செங்கமலம், நல்லா புரிஞ்சுக்க. இதுக்கப்புறம் பழைய பொன்னிய வச்சாலும் உன் கையால எடுக்காது. அமாவாசைக்கு அமாவாசை நீ இந்தப் பேச்சக் கேக்கணும்.”

“குடுங்க” என்று கையை நீட்டினாள்.

ஒரு கையில் சோறும் மறுகையில் அந்தக் காக்கையுமாகச் சுவரோரம் நின்றாள். முதலில் ஒன்று பார்த்தது. பிறகு வானமே கத்தியது. அவள் தலைக்கு மேல் உரசிக்கொண்டு பறந்தன. கண்ணை மூடாமல் அவள் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டே நின்றாள். என் பறவைகள் எனக்குத் தெரிந்தே ஒரு நல்ல பெண்ணை வெறுக்கக் கற்றுக்கொண்டன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியம் மொட்டை மாடி முழுக்க ஜனம். இளஞ்சேரனின் ஆள் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றான். வாழையிலையில் சோறு, வடை, எள்ளுருண்டை, மாமனாருக்குப் பிடித்த எல்லாம். செங்கமலம் இலையை ஏந்திக்கொண்டு படியேறி வந்து, “கா, கா” என்று கூப்பிட்டாள்.

வந்தன. இலையைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. காலையில் கத்தியதைவிட அதிகமாகக் கத்தின. ஒன்றுகூடச் சுவரில் இறங்கவில்லை. ராஜகோபால் தானே ஒரு பிடி எடுத்து வைத்துப் பார்த்தார். அதையும் தொடவில்லை. கேமராக்காரன் இளஞ்சேரனைப் பார்த்தான். இளஞ்சேரன் என்னைப் பார்த்தார். நான் புங்கமரத்தைப் பார்த்தேன்.

“பாத்தீங்களா எல்லாரும்?” என்றார் அஞ்சம்மாள். “வருஷம் ஆகியும் அவரு மனசு ஆறல. ஒரு வாய்க் கொழம்புக்கு ஏங்க வச்சு அனுப்பினா இப்படித்தான். எல்லாம் இவளால...”

செங்கமலம் தலை குனியவில்லை. “ஆமா அத்தை. மாமாவுக்கு இந்தச் சோறு வேணாமாம். இதப் பொங்குற வரைக்கும் எடுக்க மாட்டாரு” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. கோடிவீட்டுக்காரர் மெல்ல வாயைத் திறந்தார். “எங்க வீட்டுலயும்... ரொம்ப நாளா...” என்று ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பூனை என்றுதான் நினைத்தேன். கமறலாக, கரடுமுரடாக, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வந்தது. நின்றது. பிறகு வீடு அதிர வீறிட்டது.

செங்கமலம் இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் அஞ்சம்மாள் ஓடினார். நான் போய்ப் பார்க்கும்போது பேரனைத் தொட்டிலிலிருந்து அவர்தான் தூக்கியிருந்தார். அவன் முகம் செக்கச் செவேலென்று, வாய் முழுசாகப் பிளந்து, நாக்கு துடிக்கக் கத்திக்கொண்டிருந்தான்.

“ஐயோ, இது பசி அழுகைடி!” என்றார் அஞ்சம்மாள். “எனக்குத் தெரியாதா? அஞ்சு பேரும் அழுதோம்ல, எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாள் இது எங்கடா போச்சு?” சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னவர், சட்டென்று நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். “நீ என்னடி தின்ன?”

“மாடியில. பழைய பொன்னி” என்றாள் செங்கமலம்.

அஞ்சம்மாள் பிள்ளையை அவள் மடியில் கொடுத்தார். அவன் பாய்ந்து பிடித்துக்கொண்டான். பிறகு அவர் அடுப்படிக்குப் போய், இளஞ்சேரன் கொடுத்த மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மன்னார்குடியில் போதும் அரிசி போகவில்லை. பிறகு பக்கத்து ஊர்களிலும் காக்கைகள் எடுக்கவில்லை, காரணம் எனக்கும் அந்த மஞ்சள் பைக்கும் தெரியும். ஊருக்குப் பசி திரும்பி வந்தது. அது நல்ல காரியமா என்று என்னை யாராவது கேட்டால் உடனே தலையாட்ட மாட்டேன். சில வீடுகளில் நிஜமாகவே பட்டினி கிடந்தார்கள். ஆனால் பசித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். உப்பைத் தடுக்கும் கரை, தண்ணீர், நெல் என்று கேட்டார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இளஞ்சேரன் கம்பெனியை விட்டுவிட்டார். உப்பு நிலத்தில் விளையும் நெல்லைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. காக்கை விஷயத்தைப் பற்றி நான் எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. எழுதினால் வேலை போய்விடும்.

போன மாதம் மாடி அறைக்கு மறுபடி போயிருந்தேன். செங்கமலம் படியேறினால் காக்கைகள் இன்னும் கத்துகின்றன. அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொள்கிறாள். அமாவாசைச் சோற்றை அவள் பிசைந்து கொடுக்க, சிங்காரம்தான் கிண்ணத்தோடு தத்தித் தத்திப் போய்ச் சுவரில் வைக்கிறான். அவனிடம் அவை பயமில்லாமல் வருகின்றன. எவ்வளவு எடுத்தன என்று மட்டும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அவை வருவதற்குள் பாதிச் சோற்றை அவனே எடுத்துத் தின்றுவிடுகிறான். பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கித் திரும்பி, “இன்னும்” என்கிறான்.